இரண்டாம் படி

பர்கூர் யார்டில் பிற்பகல் மூன்று.
கரண்ட் போய்விட்டது.
அறுபட்டும் அறுபடாமலும் ஒரு கல் பாதியில் நிற்கிறது.
சைனா எப்படி இருந்தது மேஸ்திரி,
பாம்பு போட்டாங்களா இலையில்?
பாலிஷ் பையன்கள் சூழ்ந்துகொள்கிறார்கள்.
தயிர் கிடைக்கவில்லை என்கிறேன்.
அது போதும் அவர்களுக்கு, சிரித்துக்கொண்டே போகிறார்கள்.

மீதியைச் சொல்ல
கையில் இந்தச் சாக்பீஸ் துண்டுதான் இருக்கிறது.

கணக்கு நேரான சந்தோஷத்தில்
லின் மூன்று ராத்திரி ஓட்டல் போட்டுக் கொடுத்தார்.
மலை, மூங்கில்,
பூமியே காய்ச்சித் தரும் வெந்நீர்க் குளம்.
முட்டை வேகும் வாசனை.
நோ வொர்க், மிஸ்டர் திம்மா, ஒன்லி ரெஸ்ட் என்றார்.

அறையில் மட்டும் மூன்று ஜோடி செருப்பு:
கட்டில் வரைக்கும் ஒன்று,
குளியலறைக்கு ஒன்று,
குளத்துக்கு ஒன்று.
எதை எங்கே கழற்றுவது என்று குழம்பி
வெறுங்காலில் இறங்கினேன்.

கால்தான் முதலில் கண்டுபிடித்தது.

கறுப்பு.
நனைந்த எருமை முதுகு.
ஜெகதேவிக்கு மேற்கே மூன்றாம் குழி,
போன வருஷம் ஆடியில் இறக்கிய பிளாக்.
குளத்தைச் சுற்றி, படி படியாய், எங்கள் கல்.
ஊர்க்காரனைப் பார்த்ததுபோல் ஒரு நிமிஷம்
குனிந்து தடவினேன்.
தடவாமல் இருந்திருக்கலாம்.

இரண்டாம் படி, இடது ஓரம்,
ஒரு முழ நீளத்துக்கு ஒரு முடி.
கல்லில் ஓடும் விரிசலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.
ரெசின் ஊற்றி, மை கலந்து,
வெயிலில் காயவைத்து,
மேலே ஏ கிரேடு என்று எழுதிய கை
இப்போது வெந்நீருக்குள் இருந்தது.

தலையில் ஈரத் துண்டு வைத்த பெரியவர்,
புதுசாய்க் கல்யாணமான ஜோடி,
எல்லோரும் கண்ணை மூடிக் கிடந்தார்கள்.
நான் மட்டும் வேலையில் இருந்தேன்.
குதிகாலால் அந்த முடியை மறைத்தபடி
இரண்டு மணி நேரம்.
சர்க்கரை போடாத டீ ஒன்று வந்தது.
அதையும் அசையாமல் குடித்தேன்.

கௌரம்மா வீடியோவில் கூப்பிட்டாள்.
தண்ணிக்குள்ளே என்ன பண்றீங்க இவ்வளவு நேரம்?
நம்ம தெருவுக்கு நாலு நாளா
ஒகேனக்கல் தண்ணி வரலை.
போனைச் சட்டென்று வானத்துப் பக்கம் திருப்பினேன்.
குளம் வழிந்து வழிந்து
மூங்கில் வேருக்குப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் லின் போட்டோ எடுத்தார்.
ஸ்மைல், மிஸ்டர் திம்மா.
போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த பல் என்னுடையது,
குறுக்கே பழுப்புக் கோடு.
அதே மண்ணுக்கு அடியில் இருந்து வந்ததுதான்,
அதற்கு மட்டும் யாரும் ரெசின் ஊற்றவில்லை.
வாயை மூடியே சிரித்தேன்.

கடைசி ராத்திரி ஒரு பெண் குழந்தை
இரண்டாம் படியில் உட்கார்ந்தாள்.
விரல் நகத்தால் எதையோ சுரண்டினாள்.
அம்மாவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள்.
நகத்தில் இடறுகிறது என்றாளோ,
பசிக்கிறது என்றாளோ,
அவள் பாஷை எனக்குத் தெரியாது.
அம்மா குனிந்து பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
நான் நட்சத்திரம் எண்ணுகிறவன்போல்
அண்ணாந்துகொண்டேன்.
பனிமூட்டம். ஒரு நட்சத்திரமும் இல்லை.

கரண்ட் வந்துவிட்டது.
பிளேடு சுற்ற, தண்ணீர் பீய்ச்ச,
சாம்பல் சேறு என் பேண்ட் வரைக்கும் தெறிக்கிறது.
சென்னப்பன் கூப்பிடுகிறான்,
ரெசின் டப்பாவும் கையுமாய்:
மேஸ்திரி, இதுல ஒரு முடி ஓடுது.
ஊத்திடட்டா?

எந்த ஊருக்குப் போகுதுடா இது?

தெரியலீங்க. கன்டெய்னர் ஆறு மணிக்கு.

செருப்பைக் கழற்றுகிறேன்.
பையன்கள் பார்க்கிறார்கள்.
நாளெல்லாம் வெயிலில் கிடந்த கல்,
கொதிக்கிறது.
சாக்பீஸ் விரலிடுக்கில் நனைகிறது.
காலை இன்னும் எடுக்கவில்லை.